சீமைச்சாமந்தித் தண்ணீர்

கலைப்பிரியா தண்ணீர்ச் செம்பைத் தூக்கியதும் துரைக்கண்ணு குறுக்கே கையை நீட்டினார்.

"நீ தொடாத."

ஒப்பாரி நின்றுபோனது. செத்த மாமியாரை மருமகள்தான் குளிப்பாட்ட வேண்டும். அவளைத் தள்ளி நிறுத்தினால் ஊர் சும்மா விடாது. அவள் சாகிறவரை பேசும்.

"ஏன் மாமா?"

"என் பொண்டாட்டிக்கு தெனம் இன்னாத்தக் காய்ச்சி ஊத்தின?"

அம்சவள்ளிக்குத் தூக்கம் பிடிக்காத வியாதி. மருமகள் திண்டிவனத்தில் சீமைச்சாமந்திப் பூ வாங்கிவந்து காய்ச்சிக் கொடுத்தாள். நேற்றும் குடித்துவிட்டுப் படுத்தவள் விடிந்து எழுந்திருக்கவில்லை.

பொட்டலத்தைப் பார்த்த அன்றே துரைக்கண்ணுவுக்குச் சந்தேகம். காய்ந்த வெள்ளைப் பூ. பார்த்தீனியம்தான் அது. மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே, அந்தச் சனியனைப் பிடுங்கிப் பிடுங்கியே அவர் கழுத்தும் முழங்கையும் அரித்துத் தடித்துக் கறுத்துவிட்டன. கடைக்காரன் எதையும் பொட்டலம் கட்டுவான். படித்த பெண் எதையும் வாங்குவாள். அப்போதே கத்தினார். "நீ குடிக்காத. எனக்குத் தூக்கம் வருது" என்றுவிட்டாள் அம்சவள்ளி.

"அதையே எனக்கும் போட்டுக் குடு. குடிச்சிப் பாக்குறேன்" என்றார் மருமகளிடம்.

கொழுந்தியாள் வெள்ளையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க அக்காவக் கெடத்திவச்சிக்கினு டீ கேக்குறியே மாமா! சாவு வூட்ல அடுப்பு எரியலாமா?"

கலைப்பிரியா பொட்டலத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போய்க் காய்ச்சிக் கொண்டுவந்தாள். தம்ளரை நீட்டினாள்.

ஒரே மூச்சில் குடித்தார். வைக்கோல் வாசனை. கொஞ்ச நேரத்தில் உதடு குறுகுறுத்தது. தொண்டை அரித்தது. அரிப்பு கழுத்தில் ஏறியது.

"இன்னா மாமா, மூஞ்சி செவக்குது?" வெள்ளையம்மாள் எழுந்தே விட்டாள். பொம்பளைகள் எல்லாரும் கலைப்பிரியாவைப் பார்த்தார்கள்.

துரைக்கண்ணு கழுத்தைச் சொறிந்தபடி பிணத்தருகே போய் உட்கார்ந்தார்.

அம்சவள்ளியின் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முழங்கை மடிப்பைப் பார்த்தார். சேலையை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. சொறிந்த தடம் இல்லை. தோல் வழுவழுவென்று கிடந்தது. இந்த மாதம் முழுக்க அவள் வாயைப் பிளந்து குறட்டை விட்டதும், மூச்சிருக்கிறதா என்று அவரே தட்டிப் பார்த்துத் திட்டு வாங்கியதும் நினைவுக்கு வந்தன.

"அரிக்குதா மாமா?" என்றாள் வெள்ளையம்மாள்.

"எனக்கு அரிக்குது. கொல்லையில அந்தக் களையப் புடுங்கிப் புடுங்கிக் கெட்டுப்போன ஒடம்பு." கையை மெல்லக் கீழே வைத்தார். "இவளுக்கு ஒண்ணும் பண்ணல."

செம்பை எடுத்து மருமகள் பக்கம் நீட்டினார்.

"இன்னாம்மா பாத்துக்கினு நிக்கிற? நேரமாவுது. ஜல்தி ஊத்து."

வாசலில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பின்னால் பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். தண்ணீர் விழுந்தது. கலைப்பிரியாவின் குரல் தாழ்ந்து கேட்டது.

"அத்த, கண்ண மூடிக்கோங்க. சீயக்கா எரியும்."

துரைக்கண்ணு கழுத்தைச் சொறிந்துகொண்டே தெருவைப் பார்த்திருந்தார்.