வடக்கு வரிசை ஏழு வீடு

1

ஒரு நாகரிகத்தின் நெஞ்சுரம் அது காத்து நிற்கும் கட்டடங்களில் தெரியும்.

இப்படி முழங்கித்தான் அமைச்சர், குத்தாலத்துக்கு மேற்கே இருக்கும் ரெங்கசாமியின் அரிசி மில்லைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துக் கல்வெட்டைத் திறந்தார். சிமெண்ட் காயவில்லை. கல் சரியாமல் இரண்டு பேர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் முருகையன். அவன் பெண்டாட்டி அம்சவல்லியின் கதை இது. பேப்பரில் வந்த ஓர் அரசு அறிவிப்பைப் படித்துவிட்டுக் கோபத்தில் எழுத உட்கார்ந்தேன். (கோபம் உண்மை. யார்மேல் என்பதைக் கடைசிப் பகுதிக்குத் தள்ளிப்போடுகிறேன்.)

2

முதல் வரி: 'காலத்தின் சுட்டுவிரலாக விண்ணைக் காட்டும் அந்தப் புகைபோக்கி...'

வேண்டாம். இந்த மாதிரி வரிகளால்தான் குடி கெட்டது.

மறுபடி: அம்சவல்லிக்குக் கோபம் வந்தால் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்ப்பாள்.

அவள் பிறந்தது மில் மதிலுக்குள், வடக்கு ஓரத்து ஏழு வீடுகளில் மூன்றாவதில். அப்பா அங்கே நெல் அவித்தார். எழுபத்தொன்றில், பண்ணையாட்கள் குடியிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. "இவங்க ஆலைத் தொழிலாளிங்க" என்று எழுதிக் கொடுத்தார் ரெங்கசாமி. தீபாவளிக்குப் போனஸ் கேட்டார்கள். "இவங்க பண்ணையாளுங்க" என்றார்.*

பிறகு பாரம்பரியச் சின்னம் வந்தது. மதிலுக்குள் ஒரு செங்கல்லையும் பெயர்க்கக் கூடாது. மனுஷருக்குப் பட்டா தராத சர்க்கார் புகைபோக்கிக்குக் காவல் தந்தது. அந்தக் காவலில் ஏழு வீடும் ஒண்டிக்கொண்டன.

* ஆட்சி மாறும்போதெல்லாம் ரெங்கசாமியின் வேட்டிக் கரை மாறும். கட்டியிருப்பவர் அவரேதான்.

3

இப்போது ரெங்கசாமி மில்லை ஹோட்டலாக்கப் போகிறார். புகைபோக்கி இருக்கட்டும், வடக்கு வரிசையை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று அரசாணையைத் திருத்தப் போகிறார்கள் (பேப்பரில் நான் படித்த அறிவிப்பு இதுதான்). எடுத்த மறுநாள் இடிக்கலாம். விசாரிக்கக் குழந்தைராஜ் என்ற அதிகாரி வந்தார். விசாரணை மில் ஆபீசில். வீட்டை எடுக்கக் கூடாதென்று சொல்ல அம்சவல்லியும் முருகையனும் போனார்கள். காபி ரெங்கசாமி வீட்டிலிருந்து.

"அங்க வீடே கிடையாதும்மா. மில்லோட நூற்றாண்டு மலர்ல இருக்கு, கேளுங்க" என்று அதிகாரி வாசித்தார்: "'வடபுறத்துத் தாழ்ந்த கொட்டில்களில் பசுக்கள் அசைபோட, ஆலையின் நெடுமூச்சு...'"

"அப்ப நான் பசுமாடாங்க?" என்றாள் அம்சவல்லி. "மாட்டுக்கா ரேஷன் கார்டு குடுத்தீங்க? கதவு நம்பர் மூணுன்னு போட்டிருக்கு, பாருங்க."

ரெங்கசாமிக்குப் பொறுக்கவில்லை. "போனாப் போவுதுன்னு தங்க விட்டது. உங்கப்பன் எங்கிட்ட கைகட்டி நின்னவன், தெரியுமில்ல?"

"கைகட்டி நின்னாருங்க. நாலு கால்ல நிக்கல."

அதிகாரி பேனாவை மூடினார். "பெரிய எழுத்தாளர் எழுதுனதும்மா. ஆவணம். பாக்காமயா எழுதியிருப்பாரு?"

"உள்ள வந்து பாத்தாராங்க?"

எழுத்துமூலம் ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் அனுப்பலாம் என்று சொல்லி அவர் எழுந்துவிட்டார்.

(நான் அங்கே இல்லை. விசாரணைக் குறிப்பின் நகலை வாங்கிப் படித்தேன். அம்சவல்லிக்கு அதில் ஒரே வரி: 'மனுதாரர் ஆவேசமாகப் பேசினார்.' மற்றதெல்லாம் முருகையன் சொன்னது.)

4

(அடித்துவிட்டேன். அமைச்சர் மனம் மாறும் பகுதி. தட்டச்சு செய்யும்போது எனக்கே சிரிப்பு வந்தது.)

5

வேறு முடிவுகள்:

புல்டோசர் அதிர்வில் புகைபோக்கி ரெங்கசாமியின் காரின்மேல் சரிகிறது. இல்லை, அது அரசுக் காவலில் இருக்கிறது, சரியாது.

அம்சவல்லி கல்வெட்டைப் பெயர்த்து வாசற்படியாகப் போட்டுக்கொள்கிறாள். போடுவாள். வாசல் இருக்க வேண்டும்.

எழுத்தாளர் தம் தவறை ஒப்புக்கொண்டு எழுதி, கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில்...

இந்த வாக்கியம் மூன்று வாரமாக இங்கேயே நிற்கிறது. ஆட்சேபம் அனுப்பும் தவணை வெள்ளிக்கிழமை முடிகிறது.

6

மலரில் பசுக்கள் அசைபோடும் அந்த நடுப்பக்கக் கட்டுரை என்னுடையது. அதை எழுதியவன் அந்த வாக்கியத்தை முடிப்பானா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். என்னைவிட உங்களுக்கு அவனை நன்றாகத் தெரிந்திருக்கும். முடித்தால் ஏழு வீடும் நிற்கலாம். ஆனால் அம்சவல்லி கடைசியாகக் கேட்ட கேள்விக்குக் கையெழுத்தோடு பதில் எழுத வேண்டியிருக்கும்.

கட்டுரைக்காக மில்லைப் பார்க்கப் போன அன்று வெயில் அதிகம். நான் காரைவிட்டு இறங்கவில்லை.