இரண்டு கோர், ஒரு கடல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். இருக்கட்டும். கணினி பழுதுபார்க்கிற கடையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்து, "நான் ஒண்ணுமே பண்ணல, அதுவா நின்னுபோச்சு" என்பவர்களின் முகத்தைத் தினமும் பார்த்தால், யாருடைய கோபமும் அங்கேதான் குடியிருக்கும். அதிலும் நான் பார்ப்பது மேஜைக் கணினி மட்டும். பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே முழங்கை வரை போக வேண்டும், விசிறி கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதுதான் எனக்குக் கணினி. மடிக்கணினியோடு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி எதிர்க்கடைக்குக் கையைக் காட்டிவிடுவேன்.

அப்படிப்பட்டவளிடம்தான் என் நாத்தனார் யோசனை கேட்டாள். ஒரு மத்தியானம், இரண்டு கையிலும் தூசியோடு ஒரு பெட்டிக்குள் தலையை விட்டிருந்தபோது போன் வந்தது. கடையில் ஒரு மடிக்கணினி பார்த்திருக்கிறாளாம். தன்னுடைய பழைய மேஜைக் கணினியில் இரண்டு கோர், அதாவது சில்லுக்குள் வேலை செய்கிற மூளை இரண்டு, வேகம் மூன்று புள்ளி இரண்டு கிகாஹெர்ட்ஸ். இதன் அட்டையிலும் இரண்டு கோர், மூன்று புள்ளி இரண்டு என்றே போட்டிருக்கிறதாம். இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டாள்.

"டூயல் கோர்னா டூயல் கோர்தான். அங்கயும் ரெண்டு, இங்கயும் ரெண்டு. அதை வாங்கு, என் உயிரை வாங்காதே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அந்த ஒரு வரிக்கு நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

நாத்தனாருக்கும் எனக்கும் வயது ஆறு மாதம்தான் வித்தியாசம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாங்கள் சண்டை போட்டுக்கொண்டே சிநேகிதமாகிவிட்டோம். அவள் ஒரு நாடகக் குழுவில் படம் வரைகிறவள். காகிதத்தில் இல்லை. மேடைக்குப் பக்கத்தில் ஒளிந்து உட்கார்ந்து, கணினியோடு இணைத்த பலகையில் பேனாவால் வரைவாள். அது அந்தக் கணமே மேடையின் பின்திரையில் ஆளுயரத்துக்கு விரியும். நான்கு வருடமாக மற்றவர்கள் நாடகத்தில் ஒரு மேகம், ஒரு ஜன்னல் என்று ஒட்டுவேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவைதான் முழு நாடகம் அவள் கைக்கு வந்தது. ஒரு படகுக்காரி, ஒரு கடல், ஒன்றரை மணி நேரம். படகுக்காரியாக நடிப்பவள் துடுப்பைப் போடுகிற இடத்தில் அலை எழ வேண்டும், அவள் கையை எடுத்தால் அடங்க வேண்டும். அந்தக் கடல் முழுவதும் என் நாத்தனார்.

ஊர் ஊராகப் போகிற குழு அது. பழைய பெட்டியோ பேருந்தில் குலுங்கிக் குலுங்கியே பாதி உயிரை விட்டுவிட்டது. அதனால்தான் மடிக்கணினி. வாங்கி வந்த அன்று அதைக் குழந்தையை ஏந்துவது மாதிரி ஏந்திக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, குழுவின் ப்ரொஜெக்டரை இணைத்து, முக்கால் மணி நேரம் வரைந்து காட்டினாள். சமையலறைச் சுவரில் கடல் பொங்கியது. வீட்டுக்காரர் தட்டைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றார். குழம்பு ஆறிப்போனது அவருக்குத் தெரியவே இல்லை.

நாடகத்துக்கு முந்தின நாள் காலையில் கடைசி ஒத்திகை. பதினோரு மணிக்கு நாத்தனார் கடைக்குள் நுழைந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. முதல் பத்து நிமிடம் கடல் சொன்னபடி கேட்டிருக்கிறது. பிறகு திணற ஆரம்பித்துவிட்டது. படகுக்காரி துடுப்பைப் போட்டு, எடுத்து, அடுத்த வசனத்துக்கே போன பிறகு அலை ஆடி அசைந்து வந்ததாம். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்களாம். நாடகத்தை இயக்குகிற அம்மா சிரிக்கவில்லை. நாளைச் சாயங்காலம் நாலு மணிக்கு நாடகம், மூன்று மணிக்குள் சரியாகாவிட்டால் ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருக்கிற கடலை ஓட்டிவிடலாம் என்று அமைதியாகச் சொல்லியிருக்கிறார். அப்படி ஓட்டினால் நாத்தனாருக்கு அங்கே வேலையே இல்லை. பொத்தானை அழுத்த யார் வேண்டுமானாலும் போதும்.

வாயைக் கொடுத்தது நான், மாட்டியிருப்பது அவள். கடையின் பாதிக் கதவைச் சாத்திவிட்டு, அந்த மடிக்கணினியோடு வந்த துண்டுத்தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். அட்டையில் பெரிதாக இருந்த மூன்று புள்ளி இரண்டுக்குப் பக்கத்தில், இந்தத் தாளில் எறும்பு சைஸில் 'அதிகபட்சம்' என்று ஒரு வார்த்தை. நிலையான வேகம் ஒன்று புள்ளி எட்டுதான். என் பெட்டிகளில் இருக்கிற இரண்டு கோர் சில்லு அறுபத்தைந்து வாட் வரை மின்சாரத்தை விழுங்கிக்கொண்டு நாள் முழுக்க ஒரே வேகத்தில் ஓடும். அதற்குத் தலையில் கனமான உலோகக் கட்டி, அதன்மேல் கையகல விசிறி. இதற்கு அனுமதியே பதினைந்து வாட். விரலளவு விசிறி. சூடு ஏறினால் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் வெந்துபோகும். இரண்டு பேர் சமைக்கிறார்கள் என்று சொன்னால் போதாது, எந்தச் சமையலறையில் என்பதையும் சொல்ல வேண்டும். கூடத்தளவு அடுக்களையில் இரண்டு பேர் இருப்பதும், ஜன்னல் இல்லாத அலமாரிக்குள் அதே இரண்டு பேர் இருப்பதும் ஒன்றா? பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கு இது தெரியாமல் போனது மடிக்கணினி மேல் இருந்த இளக்காரத்தால்தான்.

நாத்தனாரிடம் மறைக்கவில்லை. என் தப்புதான், கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்றேன். அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. ஆனால் கேட்டாள் ஒரு கேள்வி.

"அப்ப உங்க வீட்டு மேஜையில எப்படி அண்ணி முக்கால் மணி நேரம் ஓடுச்சு?"

நியாயமான கேள்வி. அங்கே ஓடியது, அரங்கத்தில் ஓடவில்லை. அப்படியானால் சங்கதி அரங்கத்தில் இருக்கிறது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கே திருப்புளிப் பையோடு அவள் பின்னால் கிளம்பினேன்.

அவள் உட்காருகிற இடம் மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால், ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடுக்கு. அங்கே அவள் தன் கடையை விரித்ததைப் பார்த்தேன். முதலில் கறுப்பு வெல்வெட் திரைத்துணியை நாலாக மடித்து மேஜையில் போட்டாள். அதன்மேல் மடிக்கணினி. அதன் முதுகோடு சேர்த்து இன்னொரு வெல்வெட்டைப் போர்த்தினாள். திரையில் பார்ப்பதற்கு ஒரு சாண் இடைவெளி விட்டாள். மின்கம்பியைச் செருகவே இல்லை.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, இதென்ன கேள்வி என்பது மாதிரிப் பார்த்தாள். பக்கத்திரைக்குப் பின்னால் துளி வெளிச்சம் கசியக்கூடாது, துளிச் சத்தம் வரக்கூடாது, நடிகர்கள் இருட்டில் ஓடுகிற வழியில் கம்பி கிடக்கக்கூடாது. போன வருடம் ஒருவர் தடுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டதாம். நாடகக்காரர்களுக்கு இதெல்லாம் பல் தேய்க்கிற மாதிரி. பழைய பெட்டியை வெளித் தாழ்வாரத்தில் வைத்து நீளக் கம்பியால் இழுத்திருந்தார்கள், அதனால் அதற்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்தப் பாவப்பட்ட ஜீவனை மெத்தையில் படுக்க வைத்து, கம்பளி போர்த்தி, சாப்பாடும் போடாமல் கடலைத் தூக்கச் சொல்லியிருக்கிறாள்.

துணியை உருவினேன். அடியில் இருந்த காற்றுத் துளைகளைக் காட்டினேன். அரங்கத் தச்சர் இரண்டு மரக்கட்டைகளை அளவாக அறுத்துக் கொடுத்தார். அவற்றின்மேல் தூக்கி வைத்து, கம்பியைச் செருகி, வரையச் சொன்னேன். மூன்று புள்ளி இரண்டில் கொஞ்ச நேரம் துள்ளிவிட்டு, இரண்டரையில் வந்து நின்றது. நின்றது என்றால் அசையவில்லை. ஒரு மணி நேரம் கடல் தங்கமாக நடந்துகொண்டது. எனக்கு அந்த இடத்திலேயே ஆடலாம் போல இருந்தது.

இயக்குநர் அம்மா வந்து பார்த்தார். கடல் நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் இங்கே கம்பி ஓடக்கூடாது, இந்த வெளிச்சமும் கூடாது, இருட்டுக் காட்சியில் பக்கத்துச் சுவரே பளபளக்கும் என்றார். விசிறிச் சத்தத்துக்கும் முகத்தைச் சுளித்தார். பழைய மாதிரித் தாழ்வாரத்தில் வைக்கலாமே என்றேன். வரைகிற பலகையை அவ்வளவு நீளக் கம்பியில் இணைத்தால் இந்த மடிக்கணினிக்கு ஒத்துவரவில்லை என்றாள் நாத்தனார். மணி ஒன்று. காலையிலிருந்து அடங்கிக் கிடந்த கோபம் எனக்கு மொத்தமாகத் திரும்பி வந்தது.

"அங்கயும் கூடாது, இங்கயும் கூடாதுன்னா, தூக்கி மேடை மேலயே வைங்க. காத்தும் இருக்கு, வெளிச்சத்தை மறைக்கவும் வேண்டாம்" என்றேன். நக்கலாகத்தான் சொன்னேன், சத்தியமாக.

அந்த அம்மா நக்கலை எடுத்துக்கொள்ளவில்லை. மேடையின் இடது முனைக்குப் போனார். தரைப்பலகையில் ஒரு சின்ன மூடி. காலால் தட்டித் திறந்தார். உள்ளே மின்கம்பி செருகுகிற துளை இருந்தது. அங்கே நின்று படகைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு நாத்தனாரைப் பார்த்தார். படகுக்காரியும் கடலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் என்ன என்று கேட்டார்.

நாத்தனார் வெளுத்துப்போனாள். நான்கு வருடமாகக் கறுப்புச் சட்டை போட்டு இருட்டில் உட்கார்ந்தவள் அவள். ஒரு கல்யாண வீட்டுப் புகைப்படத்தில்கூட யார் முதுகுக்காவது பின்னால்தான் இருப்பாள். என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னால முடியாது அண்ணி. அத்தனை பேர் பாக்கும்போது கை நடுங்கும். கோடு போச்சுன்னா கடலே போச்சு."

எனக்குச் சமாதானம் சொல்ல வராது. வந்ததைச் சொன்னேன். "நடுங்கினா நடுங்கட்டும். கடல் எப்பவாவது ஆடாம நின்னிருக்கா? இல்ல, பதிவு பண்ணினதையே ஓட்டட்டும், நீ என்னோட கடைக்கு வந்து தூசி தட்டு. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அவள் மரக்கட்டைகளை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடைக்கு ஏறினாள்.

நாலு மணிக்கு அரங்கம் நிரம்பிவிட்டது. பெரியவர்கள், குழந்தைகள், மூன்றாவது வரிசையில் என் வீட்டுக்காரர். சூடு ஏறினால் சொல்ல வேண்டும் என்று சாக்குச் சொல்லி, நான் அவளுடைய பழைய இடுக்கில் நின்றுகொண்டேன். விளக்கு அணைந்தது. இருட்டில் ஒரே வெளிச்சம், மடிக்கணினியிலிருந்து அவள் முகத்தில் விழுந்தது. பேனா பலகையைத் தொட்டது. முதல் கோடு நடுங்கியது, என் கண்ணால் பார்த்தேன். பின்திரையில் அந்த நடுக்கம் அப்படியே ஒரு சிற்றலையாக ஓடியது. முன்வரிசையில் ஒரு குழந்தை, "அந்த அக்காதான் தண்ணி வரையறாங்க" என்று சத்தமாகச் சொன்னது. அரங்கமே அவளைத் திரும்பிப் பார்த்தது.

அவள் அதைக் கவனிக்கவே இல்லை. படகுக்காரியின் துடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். துடுப்பு இறங்கியது, அலை எழுந்தது. பத்து நிமிடம் தாண்டியது, இருபது தாண்டியது, நான் விரலைக் கடித்துக்கொண்டு நின்றேன், வேகம் குறையவே இல்லை. விசிறி உஸ்ஸென்று ஓடியதை ஒருத்தரும் பொருட்படுத்தவில்லை. புயல் காட்சியில் படகுக்காரி வேண்டுமென்றே நாடகத்தில் எழுதாத இடத்தில் ஒரு துடுப்புப் போட்டாள். நாத்தனார் சளைக்கவில்லை, எழுதாத இடத்தில் ஒரு அலையை எழுப்பி அவளை நனைத்தாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பார்க்கிறவர்களும் கூடச் சிரித்தார்கள், நேற்று சிரித்த சிரிப்பு இல்லை இது. பதிவு செய்த கடலுக்கு இந்தக் குறும்பு வருமா? இயக்குநர் அம்மா எனக்குப் பின்னால் நின்று, யாரோ கேட்ட மாதிரி, வராது என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

நாடகம் முடிந்து விளக்குகள் எரிந்தன. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. படகுக்காரி முன்னால் வந்து வணங்கிவிட்டு, நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்து நடுமேடையில் நிறுத்தினாள். பாவம், அவளுக்கு இதெல்லாம் பழக்கமா என்ன? ஒரு நாடகத்திலும் வணங்கியதில்லை. எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் விழித்தாள். பிறகு, முந்நூறு பேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடுக்கில் நின்ற என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள்.

"அந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று கையை ஆட்டினேன். கண் இரண்டும் வழிந்துகொண்டிருந்ததில் அவள் திரும்பியதை நான் சரியாகப் பார்க்கவில்லை. அரங்கம் எழுந்து நின்ற சத்தம் மட்டும் கேட்டது.