செவ்வாய்க்கிழமைப் பெட்டி

போடியிலிருந்து மெட்ராஸுக்கு நேராக ஒரு பெட்டி விடப்போகிறார்கள் என்ற கடிதத்தை ஸ்டேஷன் மாஸ்டர் வாசித்துக் காட்டியபோது சுருளிவேல் கையிலிருந்த காப்பியை வேட்டியில் கொட்டிக்கொண்டார். சூடு தெரியவில்லை. "இன்னொருக்க வாசிங்க சார்" என்றார். மாஸ்டர் மறுபடி வாசித்தார். அப்போதும் அவர் நம்பவில்லை. கடிதத்தை வாங்கி முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

நம்பாமல் போனதற்குக் காரணம் உண்டு. சுருளிவேல் ஏலக்காய்க் கமிஷன் கடைக்காரர். ஆறு வருஷமாக 'நேர் ரயில் கோரிக்கைக் குழு'வின் செயலாளர். ஆறு வருஷமும் மனு எழுதினார், கையெழுத்து வாங்கினார், கைநாட்டு வாங்கினார். நாலாயிரத்து முந்நூறு பேர் போட்டார்கள். அத்தனை பேரும் போட்டது ஒரே நம்பிக்கையில்தான்: எப்படியும் கொடுக்கமாட்டான் என்ற நம்பிக்கையில். கொடுத்துவிட்டான் என்றால் மனுஷன் என்னதான் செய்வான்?

அது எழுபத்தொன்பதாம் வருஷம், தை மாதம். நம் ஊருக்கு வருவது சின்னத் தண்டவாளத்துக் கரி வண்டி. மதுரையோடு அதன் சோலி முடிந்தது. மெட்ராஸ் போகிறவன் அங்கே இறங்கி, மூட்டை முடிச்சோடு பாலம் ஏறி இறங்கி, அடுத்த பிளாட்பாரத்தில் வண்டி பிடிக்கவேண்டும். நம் வண்டியோ சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. மெட்ராஸ் வண்டியின் வாலைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் வீதிக்கு நாலு பேர் இருந்தார்கள்.

இப்போது ஏற்பாடு இதுதான். போடி வண்டியின் கடைசியில் ஒரு பெட்டி. மதுரையில் அதை ஆட்களோடு அப்படியே கழற்றி மெட்ராஸ் வண்டியில் மாட்டிவிடுவார்கள். ஏறின இடத்தைவிட்டு அசையவேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள், எட்டு வாரம் சோதனை. வாரம் முப்பது பேராவது மெட்ராஸ் வரை போனால் பெட்டி நிலைக்கும். எந்தக் கிழமை வேண்டும் என்பதை ஊரே சொல்லலாம் என்றும் எழுதியிருந்தது.

ஊரையா கேட்டார் சுருளிவேல்? சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் அங்கேயே உட்கார்ந்து பதில் எழுதினார். புதன்கிழமை காலையில் மெட்ராஸில் கால் வைத்தால் வியாபாரம் துலங்கும் என்று அவருக்குத் தோன்றியது. அப்படியானால் செவ்வாய் மத்தியானம் கிளம்பவேண்டும். செவ்வாய் என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

முதல் செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனில் எள் விழ இடமில்லை. மேளம், மாலை, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம். குழுத் தலைவர் மொக்கையன், ராசிங்காபுரத்தில் நிலபுலன் உள்ள பெரிய சம்சாரி, தேங்காய் உடைத்தார். பெட்டியில் எழுபது பேருக்கு மேல் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்குள் ஒரு பலகையை நாலு பேர் மெதுவாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பலகையில் ஒரு ஆள் கிடந்தான். பக்கத்தில் வந்த பெண் சுருளிவேலைப் பார்த்ததும் கும்பிட்டாள்.

"மொதலாளி, நான் வீரலட்சுமி. மேல ஏலத்தோட்டத்துல வேல. இவுக எம் வீட்டுக்காரவுக, கன்னையன். நெழல் மரத்துல கெள கழிக்கையில விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சுபோச்சு. மெட்ராஸ்ல ஆபரேசன் பண்ணாத்தான் நடப்பாகன்னு சொல்லிட்டாக. சித்திரைக்குள்ள எந்திரிச்சு வேலைக்கு வரலைன்னா லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாரு தோட்டத்துக்காரரு. இவுகளத் தூக்கிக்கிட்டு அந்தப் பாலம் ஏறணுமேன்னு ஈரக்கொலையே நடுங்கிக்கிட்டு இருந்தேன். ஒங்க புண்ணியம், பெட்டி வந்துருச்சு."

சுருளிவேல் கூட்டத்தை விலக்கிப் பலகைக்கு வழி செய்துகொடுத்தார். ஆறு வருஷ அலைச்சலுக்கு இந்த ஒரு கும்பிடு போதும் என்று அப்போது உண்மையாகவே நினைத்தார். வண்டி நகர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஸ்டேஷன் மாஸ்டர் ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"மதுரையிலேர்ந்து சேதி வந்திருக்கு. மெட்ராஸ் போனது ஏழு பேர்."

"எழுபதா?"

"ஏழு. மத்தவங்க தேனியில எறங்கிட்டாங்க."

சுருளிவேல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். புதுப் பெட்டியில் ஒரு சவாரி போகலாம் என்று தேனிக்குச் சீட்டு வாங்கிப் போய், அங்கே வடை தின்றுவிட்டு, பஸ்சில் திரும்பியிருக்கிறார்கள். தேங்காய் உடைத்த மொக்கையனும் அதில் ஒருவர். சந்தனம் பூசிய கை, தேனியிலேயே சட்னி வழித்துவிட்டது.

வீட்டில் வந்து பொருமினார். அவர் மனைவி ராமுத்தாய் முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "செவ்வாக்கெழம வடக்க சூலமில்ல? எவன் போவான்?"

சுருளிவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. சேருகிற கிழமையைப் பார்த்தவர் கிளம்புகிற கிழமையைப் பார்க்கவில்லை! கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஊருக்கே நாள் பார்த்துச் சொல்கிற மனுஷன். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"வண்டி மொதல்ல மதுரைக்குப் போகுது. அது கெழக்கதான? செவ்வாக்குக் கெழக்க சூலம் இல்லையே" என்றார், பிடி கிடைத்த சந்தோஷத்தில்.

"ஏறுறது மெட்ராஸ் பெட்டியில. வண்டி வளஞ்சு போனா சூலமும் வளஞ்சுக்கிருமா?" என்றாள் ராமுத்தாய்.

கிழமையை மாற்றச் சொல்லித் தந்தி அடித்தார். சோதனை முடியும்வரை மாற்ற இயலாது என்று பதில் வந்தது. அடுத்த செவ்வாய் நாலு பேர் போனார்கள்.

மூன்றாவது வாரம் சுருளிவேலுக்கே மெட்ராஸில் சோலி வந்தது. சவுகார்பேட்டை வியாபாரி ஒருவரைப் பார்த்தே ஆகவேண்டும். செவ்வாய்க்கிழமை போகிறேன் என்று பையை எடுத்தார். ராமுத்தாய் வாசலை மறித்துக்கொண்டாள்.

"பெரியவளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கிற நேரம். சூலத்துல போயி ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, ரயில்காரனா வந்து பதில் சொல்லுவான்? பேசாம திங்கக்கெழம பஸ்சுல போங்க."

ஒரு ஆள் குறைந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திங்கட்கிழமை பஸ் ஏறினார். ஊரில் ஒவ்வொருவனும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான் என்பது அந்தப் படித்த மண்டைக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆறாவது வாரம் ஒரு யோசனை பிறந்தது. வடக்கே சூலத்துக்குப் பரிகாரம் பால். ஒரு வாய் பால் குடித்துவிட்டுக் கிளம்பினால் தோஷம் இல்லை என்று பஞ்சாங்கமே சொல்கிறது. பெரிய கேனில் பால் காய்ச்சி, சர்க்கரை போட்டு, பிளாட்பாரத்தில் வைத்து, பயணிகளுக்கு இலவசம் என்று அட்டையும் எழுதி மாட்டினார். நூறு பேருக்கு மேல் வந்தார்கள். குடித்தார்கள். சர்க்கரை கொஞ்சம் கம்மி என்று குறை சொன்னார்கள். பிறகு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மொக்கையன் இரண்டு டம்ளர் குடித்து மீசையைத் துடைத்தார்.

"ஏறுங்க அண்ணே."

"நான் வியாழக்கெழம போறேன் தம்பி. பஸ்சுல சீட்டுப் போட்டாச்சு."

பெட்டியில் ஒன்பது பேர். சுருளிவேல் அன்று அழாத குறை.

எட்டு வாரம் முடிந்ததும் மதுரையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வயசு முப்பதுக்குள் இருக்கும். மாஸ்டர் அறையில் மனுக்கட்டை ஒரு பக்கமும் பயணிகள் பட்டியலை ஒரு பக்கமும் வைத்தார். கட்டு முழ உயரம் இருந்தது. பட்டியல் இரண்டே தாள்.

"நாலாயிரத்து முந்நூறு கையெழுத்து. எட்டு வாரத்துல போனவங்க அம்பத்தொம்பது பேர்" என்றார். குரலில் கோபம் இல்லை, திகைப்புதான் இருந்தது. "இந்த மாதிரி சின்ன ஸ்டேஷனுக்கு நேர் பெட்டி தண்டம்னு எங்க ஆபீஸ்ல எல்லாரும் சொன்னாங்க. இல்ல, வழியில்லாததாலதான் ஜனங்க வரல, விட்டுப் பாருங்கன்னு ஒத்தையா நின்னு சண்டை போட்டவன் நான். இனி எந்தச் சின்ன ஊருக்காகவும் என்னால வாயத் திறக்க முடியாது சார்."

சுருளிவேல் சூலத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். சொல்ல வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டார்.

அடுத்த செவ்வாய் மத்தியானம் அவர் ஸ்டேஷனுக்குப் போனது, குழுவின் பெயர்ப்பலகையைக் கழற்றி எடுத்துவரத்தான். பிளாட்பாரத்தின் கடைசியில், வழக்கமாக அந்தப் பெட்டி நிற்கும் இடத்துக்கு நேராக, வீரலட்சுமி நின்றிருந்தாள். கீழே பலகையில் கன்னையன். இடுப்பிலிருந்து கால்வரை வெள்ளை மாவுக்கட்டு. அவள் தம்பி அழகுமலை துண்டால் விசிறிக்கொண்டிருந்தான்.

"ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுச்சு மொதலாளி. போகையிலயும் வரையிலயும் பெட்டியில ஒரு அலுங்கல் இல்ல. மலையேறக் கூடாதுன்னு இங்கனயே ஒரு ரூம்ல வச்சுப் பாத்துக்கிட்டேன். நாளைக்குக் காலையில கட்டப் பிரிக்க வரச் சொல்லியிருக்காக. எலும்பு ஒட்டிக்கிட்டு இருக்காம், அசையாமக் கொண்டாந்து சேத்துட்டா அடுத்த மாசம் நடந்துருவாகளாம், லயத்து வீடும் தப்பிச்சுரும்." அவள் தண்டவாளத்தை எட்டிப் பார்த்தாள். "வண்டி நிக்கிது, பெட்டியக் காணமே?"

சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"பெட்டிய நிப்பாட்டிட்டாக, தாயி."

அவள் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தாள். "எதுக்கு?"

"ஆளு ஏறல."

"இம்புட்டுப் பெரிய ஊருல ஆளா இல்ல?"

"செவ்வாக்கெழம வடக்க சூலம்னு..." என்று இழுத்தார்.

வீரலட்சுமி அவரையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ சிறுபிள்ளை கேட்பதுபோலக் கேட்டாள்: "நீங்க எந்தச் செவ்வாக்கெழம போனீக, மொதலாளி?"

ஆறு வருஷத்தில் எத்தனை அதிகாரி, எத்தனை மந்திரி வீட்டு வாசல். எவனும் கேட்காத கேள்வி. கூசிப்போய் நின்றார். என்ஜின் ஊதியது. சுருளிவேல் ஓடிப்போய்த் தனக்கும் ஒரு சீட்டு வாங்கிவந்து, பலகையின் ஒரு மூலையைப் பிடித்தார். ராமுத்தாய்க்குச் சொல்லிவிடக்கூட நேரமில்லை.

வண்டி அன்றைக்கும் தாமதம். மதுரையில் இறங்கும்போது எதிர்ப் பிளாட்பாரத்தில் மெட்ராஸ் வண்டிக்கு மணி அடித்துவிட்டார்கள். தள்ளுவண்டியில் வைத்துத் தண்டவாளத்தைச் சுற்றிக் கொண்டுபோக நேரமில்லை. பாலம் ஒன்றுதான் வழி. தலைமாட்டில் சுருளிவேலும் அழகுமலையும், கால்மாட்டில் இரண்டு போர்ட்டர்கள். வீரலட்சுமி மூட்டையோடு பின்னால் ஓடிவந்தாள். ஏறும்போது சுருளிவேல் எப்படியோ சமாளித்துவிட்டார். மூட்டையைத் தூக்கச் சொல்லியே பழகிய கை அது, தூக்கிப் பழகிய கை இல்லை. இறங்கும்போது வேர்வையில் பிடி வழுக்கியது. பலகை ஒருபக்கமாகச் சரிந்தது. கன்னையன் படியின்மேல் மோதி நின்றான். கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முனகல் முனகினான், அவ்வளவுதான். வண்டியைப் பிடித்துவிட்டார்கள்.

காலையில் ஆஸ்பத்திரியில் டாக்டர் புதிதாக எடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய படத்தை எடுத்துப் பார்த்தார். மறுபடி புதியதைப் பார்த்தார்.

"ஒட்டிட்டு வந்த எலும்பு விலகியிருக்கு. திரும்ப ஆபரேஷன் பண்ணணும். நடக்க இன்னும் ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். அசைக்காதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்? இவர இப்படித் தூக்கிட்டு வந்தது யாரு?"

வீரலட்சுமி சுருளிவேல் பக்கம் திரும்பவே இல்லை. "ஆரும் ஒண்ணும் பண்ணலைங்க. வண்டி கொஞ்சம் ஆட்டமா வந்துச்சு" என்றாள்.

"வண்டியில்ல சார்" என்றார் சுருளிவேல். தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. "பாலத்துல நான்தான் கைய விட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க யாரு? இவருக்குச் சொந்தமா?"

"இல்ல சார். இவரு வரவேண்டிய பெட்டிய நிப்பாட்டினவன்."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. புருஷன் மரத்திலிருந்து விழுந்த அன்றுமுதல் அதுவரை அழாமல் இருந்த வீரலட்சுமி, வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.