ஐந்தாவது படத்தில் அது வானத்திலிருந்து வந்தது

யோகலட்சுமி அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அங்கே தெரிந்த முகம் எதுவும் வராது என்பதுதான். பினாங்கில் தமிழ்ப் படம் ஓடும் திரையரங்குக்குப் போனால் சித்தியோ கோயில் கமிட்டிக்காரரோ கண்ணில் பட்டுவிடுவார்கள். ஜப்பான்காரர்கள் எடுத்த ராட்சத விலங்குப் படத்துக்கு, அதுவும் சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்கு, எந்த யாழ்ப்பாணக் குடும்பம் வரப்போகிறது?

பக்கத்து இருக்கையில் ராமதாஸ் குவாச்சி விதைகளைக் கொறித்துக்கொண்டிருந்தான். முந்திய நான்கு படங்களும் அவனுக்கு மனப்பாடம்.

"மொத படத்துல அது வில்லன். டோக்கியோவையே மிதிச்சுத் தள்ளிரும். மூணாவதுலதான் ஜனங்களுக்கு அது மேல பாவம் வந்துச்சு. இந்த அஞ்சாவதுல ஆளு திருந்திட்டாரு லா. ஊரக் காப்பாத்த வராராம்."

"நாளைக்கு சிரம்பான்ல இருந்து என்னைப் பொண்ணு பாக்க வராங்க. நீங்க பல்லிக் கதை சொல்றீங்க."

"அதான் சொல்றேன். பல்லியே திருந்துது. உங்க அப்பா திருந்த மாட்டாரா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. யாழ்ப்பாணத்தானாக இல்லாமல் பாகான் டாலாமில் பிறந்து, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருக்கும் ஒருவனை அப்பா மருமகன் என்று கூப்பிடுவார் என நம்ப அவளுக்குத் தைரியம் போதவில்லை. என்ன செய்வதென்று இன்றைக்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

விளக்கு அணையும் நேரத்தில் கறுப்புக் குடையோடு ஒருவர் உள்ளே வந்தார். அந்த நடையை அவளுக்குத் தெரியும். அப்பா! துறைமுக அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற விநாசித்தம்பி, வாசகசாலைக்கு என்று சொல்லிப் புறப்பட்டவர், மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

யோகலட்சுமி இருக்கையில் சரிந்தாள்.

"அப்பா" என்றாள், காற்றாக.

ராமதாஸின் வாய் அசைவது நின்றது. வெளியே போகும் கதவு முன்பக்கம் இருந்தது. அப்பாவைக் கடக்காமல் போக வழியில்லை. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் அவர் ஒரு முறை திரும்பிப் பார்த்தால் போதும். அத்தோடு எல்லாம் முடிந்துவிடும். திரையில் என்ன ஓடுகிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அந்த நரைத்த பின்னந்தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இம்முறை எதிரி வானத்திலிருந்து வந்தது. வெயில் காயும் ஒரு சந்தையின் மீது இரண்டு சிறகுகளின் நிழல் ஊர்ந்தது. கடைக்காரர்கள் வெளியே வந்து, நெற்றியில் கை வைத்து, வேடிக்கையாக அண்ணாந்து பார்த்தார்கள்.

"மேல பாக்காதேயுங்கோ! ஓடுங்கோ! ஓடுங்கோ!"

அப்பாவின் குரல். அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. பையன்கள் ஓவென்று சிரித்தார்கள். யாரோ விசிலடித்தார்கள். நரைத்த தலை சட்டென்று மறைந்தது. அவர் இருக்கைகளுக்கு நடுவே தரையில் சுருண்டுவிட்டார்.

இருந்த இடத்திலேயே இருந்தால் இருட்டு அவளைக் காப்பாற்றும். ராமதாஸ் அவள் கையை அழுத்தினான்.

"நீ இரு. நான் போறேன். அவருக்கு என்னைத் தெரியாது."

அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

அப்பா இருக்கையின் காலை இறுகப் பற்றியிருந்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. இருவருமாக அவரைத் தாங்கி வெளியே கொண்டுவந்து, ஐஸ் கச்சாங் விற்கும் குளிர்பானக் கடையின் நாற்காலியில் உட்கார்த்தினார்கள். குடிக்கக் கொடுத்த தண்ணீர் பாதி சட்டையில் சிந்தியது.

"தியாகராஜாவும் அப்பிடித்தான் பாத்துக்கொண்டு நிண்டவன்" என்றார். வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட படமாகத் தொங்கும் சித்தப்பா. ஜப்பான்காரன் குண்டு போட்ட நாளில் போனவர் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். "பிளேனைப் பாக்கச் சந்தையே வெளியில வந்து நிண்டது. நான் கத்தேல்லை. நானும் பாத்துக்கொண்டு நிண்டனான்."

மிச்சத் தண்ணீரைக் குடித்தார்.

"அது டோக்கியோவை மிதிக்கிறதைப் பாக்கத்தான் ஒவ்வொரு படத்துக்கும் வந்தனான். இந்த முறை இப்பிடிச் செய்துபோட்டாங்கள்."

பிறகுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். "நீ எப்பிடி இங்க? இந்தத் தம்பி ஆர்?"

"சும்மா பக்கத்து சீட்டுங்க ஐயா. நீங்க விழுந்ததப் பாத்து..." என்று ராமதாஸ் முந்திக்கொண்டான்.

அப்பா நம்பிவிட்டார். முகத்தில் நன்றிகூடத் தெரிந்தது. இப்படியே விட்டால் நாளை சிரம்பான்காரர்கள் வருவார்கள், அவள் காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு போவாள். யோகலட்சுமி அப்பாவின் எதிரில் வந்து நின்றாள்.

"இல்லை அப்பா. இவர் ராமதாஸ். நான் இவரோடதான் வந்தனான். இவரைத்தான் கட்டுவன்."

அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். கண்கள் சிவந்தன. குடையை ஊன்றி எழுந்தார், கால் மடங்கியது. ராமதாஸ் பாய்ந்து பிடித்தான். உதறப்போகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கையை விடாதேயும். கால் இன்னும் நிக்கேல்லை" என்றார் அப்பா. "வீடு வரைக்கும் வாரும். கதைக்கக் கிடக்கு."

"அப்பா, நாளைக்கு..."

"பேசாமல் வா."

அந்தக் குரலில் கோபமா வேறெதுவுமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ராமதாஸின் தோளில் தொங்கியபடி அவர் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார். அவள் குடையை எடுத்துக்கொண்டு, பின்னாலேயே போனாள்.