கழுவத்தான் அனுமதி

மாமியார் தட்டிய தட்டில் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் தெறித்து விழாதது அதிசயம்.

"யாருடி உள்ள? வெளிய வா! உன்னத்தான்!"

உள்ளே இருப்பது யார் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். மகன் கூடத்தில் கைப்பேசியில் மூழ்கியிருந்தான். மருமகள் வேலைக்குக் கிளம்ப வெள்ளைப் புடவைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். மிச்சம் வீட்டு வேலைக்கு வருகிற பெண் ஒருத்திதான்.

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது. முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தவளை அந்தக் குடியிருப்பு முழுக்க மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு வீட்டு வேலையை மதியத்துக்குள் முடித்துவிட்டு வீட்டைப் பார்க்க ஓடுவாள். ஏன் இப்படி ஓடுகிறாள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. சுறுசுறுப்பு என்று பாராட்டியதோடு சரி.

"என்ன துணிச்சல் உனக்கு? நாங்க போற எடத்துலயா?"

"அவசரம்மா. தாங்க முடியல."

"முடியலன்னா உன் வீட்டுக்குப் போகணும். பினாயில எடு. வாளி, குவளை, தரை எல்லாத்தையும் கழுவிட்டு அப்படியே கெளம்பு."

"தினமும் நான்தானம்மா கழுவுறேன்" என்றாள் மின்னல். குரலில் பணிவுதான் இருந்தது, ஆனால் ஆள் அசையவில்லை. "நர்ஸம்மாதான் சொன்னாங்க. அடக்கவே கூடாது, வேலை செய்யற வீட்லயே போயிடுங்கன்னு."

மாமியார் மெல்லத் திரும்பி மருமகளைப் பார்த்தார். மருமகளின் முகத்தில் ஈயாடவில்லை. ஊக்கு விரலில் ஏறியதுகூட அவளுக்கு உடனே தெரியவில்லை.

சொன்னது அவளேதான். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். தெருத் தெருவாகப் போய்ப் பெண்களின் உடம்பைப் பற்றிப் பேசுவதுதான் வேலை. வீட்டு வேலை செய்கிற பெண்கள் திரும்பத் திரும்ப ஒரே கோளாறோடு வந்தார்கள். நீர்க்கடுப்பு, இடுப்பு வலி, குளிர் காய்ச்சல். மின்னலுக்கு இது எத்தனையாவது தடவை என்று அவளுக்கே ஞாபகமில்லை. இன்னொரு தடவை வந்தால் சிறுநீரகத்தில் கைவைத்துவிடும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார்.

அதனால் நர்ஸ் எல்லாரையும் வராந்தாவில் உட்கார வைத்து வகுப்பு எடுத்தாள்.

"தண்ணி நெறையக் குடிக்கணும். வந்தா உடனே போயிடணும். வேலை முடியட்டும்னு அடக்கக் கூடாது."

"குடிச்சிட்டு எங்க நர்ஸம்மா போறது?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

"வேலை செய்யற வீட்லயே போங்க. யாரு வேணாம்னு சொல்லப்போறாங்க?"

சிரிப்பு சட்டென்று நின்றது. பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். புரிந்துவிட்டது போல என்று நர்ஸ் டீ குடிக்கப் போய்விட்டாள். படித்தவளுக்கு வருகிற மடத்தனம் அது. தன் வீட்டில் ஒருத்தி காலையிலிருந்து பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, தரை துடைத்துவிட்டுப் போகிறாளே, அவள் எங்கே போகிறாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"அத்தை, அவங்களுக்கு உடம்பு சரியில்ல. போனா என்ன குறைஞ்சிடுச்சு?" என்றாள் நர்ஸ் இப்போது.

"என்ன குறைஞ்சிடுச்சா? இன்னைக்குப் பாத்ரூம், நாளைக்கு உன் கட்டில்ல ஏறிப் படுப்பா. அவங்க வேற, நாம வேற. ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு வந்து என் வீட்டுக் கதவத் தொறந்து விடாத."

நர்ஸ் கணவனைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்களேன்."

"இத ஏன் இப்படிப் பெருசாக்குற?" என்று அவன் கைப்பேசியிடம் சொன்னான்.

மின்னல் பினாயிலைத் தொடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவள் கீழே போய்ச் சேர்வதற்குள் மாமியார் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குப் போன் போட்டுவிட்டார்.

அன்று சாயங்காலமே கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் கூடிவிட்டது. தண்ணீர் வராத வாரத்தில்கூட இத்தனை பேர் வந்ததில்லை.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "சிஸ்டர், உங்க சேவையெல்லாம் வெளிய வெச்சுக்குங்க. இது குடும்பம் நடத்துற எடம்."

"அந்தக் குடும்பங்களோட டாய்லெட்டக் கழுவறது அவங்கதான் சார்."

"அதுக்குத்தானே சம்பளம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நோய் இருக்குன்னு நீங்களே சொல்றீங்க" என்றாள் இரண்டாம் மாடிக்காரி. "எங்க புள்ளைங்களுக்கு ஒட்டிக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

"இது ஒட்டற நோய் இல்லீங்க. அடக்கி அடக்கி வர்றது. நாம வரவெச்சது."

'நாம' என்ற வார்த்தை யாருக்கும் பிடிக்கவில்லை. ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். நர்ஸுக்குக் கோபம் தலைக்கேறியது.

"பின்பக்கம் நாய்ங்க போறதுக்குன்னு மணல் கொட்டி வெச்சிருக்கோம். இதே எடத்துல உக்காந்துதான் முடிவு பண்ணோம். மனுஷிக்கு ஒரு எடம் கெடையாதா?"

"பாருங்க, நாயையும் வேலைக்காரங்களையும் ஒண்ணா வெச்சுப் பேசறது அவங்கதான். நாங்க பேசல" என்றார் நாய் வளர்க்கிறவர். நல்ல மனுஷர் போல வருத்தமாகத் தலையையும் ஆட்டிக்கொண்டார்.

செயலாளர் கடைசிக்கென்று வைத்திருந்ததை அப்போதுதான் எடுத்தார்.

"போன மாசம் ஊசி போட உங்க சுகாதார நிலையத்துக்கு வந்திருந்தேன். அங்க நல்ல டாய்லெட் ஒண்ணு பூட்டிக் கெடந்துச்சு. உங்க எடத்துல கூட்டிப் பெருக்குற அம்மா எங்க போகுது சிஸ்டர்?"

அது ஊழியர் கழிப்பறை; பூட்டின் சாவி நர்ஸின் கைப்பையில்தான் இருந்தது. கூட்டுகிற அம்மா தினமும் காலையில் அதை வாங்கிப்போய், கழுவிவிட்டு, பூட்டி, திருப்பிக் கொடுப்பாள். பத்திரமாக வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வது இவள்தான்.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாருமே சிரித்தார்கள்.

மின்னலை இனிமேல் வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும் என்று முடிவாயிற்று. சம்மதம் என்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார் செயலாளர். நர்ஸின் கணவன் கையைப் பாதிதான் தூக்கினான். எண்ணுகிறவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் மின்னல் சுகாதார நிலையத்துக்கு வந்தாள். காய்ச்சலில் பல் தந்தியடித்தது. நர்ஸ் ஓடிப்போய் அவள் தோளைப் பிடிக்கப் பார்த்தாள். மின்னல் விலகி நின்றாள்.

"நீங்க சொன்னீங்க, நான் கேட்டேன். நாலு வீடும் போச்சு. நீங்க மட்டும் அதே வீட்ல நல்லாத்தான் இருக்கீங்க."

"தப்புதான் அக்கா. யோசிக்காம சொல்லிட்டேன்."

"உங்க தப்ப வெச்சு நான் உலை வெக்க முடியுமா?"

டாக்டரம்மா பரிசோதனைக்குச் சிறுநீர் எடுத்துவரச் சொல்லியிருந்தார். நர்ஸ் குப்பியை நீட்டினாள்.

"எங்க போய்ப் புடிக்கறது?" என்றாள் மின்னல்.

நோயாளிகள் கழிப்பறைக்குக் கதவே கிடையாது. பெண்கள் மதிலுக்குப் பின்னால் புதரில் ஒதுங்கித்தான் இத்தனை நாளும் குப்பியை நிரப்பிக்கொண்டு வந்தார்கள். நர்ஸும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் கைப்பையைத் துழாவிச் சாவியை எடுத்தாள். ஊழியர் கழிப்பறையைத் திறந்தாள். மின்னலை உள்ளே அனுப்பிவிட்டு, குத்தி முடித்த ஊசிகளைப் போடுகிற டப்பாவுக்குள் பூட்டைப் போட்டாள். போட்டதை எடுக்க முடியாத டப்பா அது.

கூட்டுகிற அம்மா விளக்குமாறும் கையுமாக வாயைப் பிளந்து நின்றாள். "நர்ஸம்மா, பெரியவங்க பார்த்தா என்னயத்தான் கரிச்சுக் கொட்டுவாங்க."

"என்னைக் கேக்கச் சொல்லு. இனிமே நீயும் இங்கயே போ."

சொல்லி வாய் மூடவில்லை, டாக்டரம்மா அறையிலிருந்து வேகமாக வந்தார். "சிஸ்டர், சாவி!"

"சாவி வேணாம் டாக்டர். பூட்டே கெடையாது. உள்ள பேஷண்ட் இருக்காங்க."

"பேஷண்ட்டா? இங்கயா? யாரக் கேட்டு விட்டீங்க? மேல எழுதிப்போட்டா உங்க வேலை என்ன ஆகும் தெரியுமா?"

"எழுதுங்க டாக்டர்."

"அதெல்லாம் அப்புறம். அவசரம். மொதல்ல அந்தம்மாவ வெளிய வரச் சொல்லுங்க."

நர்ஸ் கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"கொஞ்சம் அடக்கிக்குங்க டாக்டர். இங்க வர்ற எல்லாரும் அதத்தான் பண்றாங்க."

டாக்டரம்மா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். திரும்பிப் போகவும் அவரால் முடியவில்லை. கூட்டுகிற அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விளக்குமாறைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து, டாக்டரம்மாவுக்குப் பின்னால் வரிசையில் நின்றாள்.