எழுபத்தெட்டு மீட்டர் உயரத்துக் கல்

குல்சினாவுக்குப் பெகாயிம் மேல் சந்தேகம் விழுந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரத் தையல் பட்டறையில் இவளுக்கு இஸ்திரி வேலை, அவளுக்குப் பொத்தான் வேலை. தேநீர் வேளையில் இருவரும் சேர்ந்துதான் இயற்பியல் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். மாலைக் கல்லூரியில் இலவச இடம் ஒன்றுதான் மிச்சம். அடுத்த வருடம் குல்சினாவுக்கு வயது தாண்டிவிடும்.

தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. 9.8-ஐப் பெருக்கி முடிப்பதற்குள் இவளுக்குத் தேநீர் ஆறிவிடும். பெகாயிமோ பயிற்சித்தாளைப் பார்த்த கையோடு நான்கு விடைகளில் ஒன்றில் கோடு போடுவாள். ஓரத்தில் ஒரு கணக்குகூட இருக்காது. அவளுடைய கைக்கடிகாரம், தலைத்துணி மடிப்பு, காது எல்லாவற்றையும் குல்சினா நோட்டம் விட்டுப் பார்த்தாள். ஒன்றும் சிக்கவில்லை. அப்படியானால் விடைத்தாளையே எங்கோ வாங்கி மனப்பாடம் செய்திருக்கிறாள்.

முந்தைய நாள் கேள்வியில் கல் 19.6 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தது. தரையைத் தொடும்போது வேகம் கிட்டத்தட்ட 20. குல்சினா அதைப் புதிதாக எழுதி, உயரத்தை 78.4 ஆக்கினாள். நான்கு விடைகளையும் அப்படியே விட்டாள். கள்ளி என்றால் இருபது என்பாள்.

பெகாயிம் எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத்துண்டை மென்றபடி பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் சரியில்லக்கா. ரெண்டு, எட்டு, இருபது, அறுபது. நாப்பதுக்குப் பக்கத்துல வரணுமே."

"எப்படிடீ அதுக்குள்ள?"

"9.8-ஐ யாரு பெருக்குவா? பத்துன்னு வெச்சுக்கோ, உயரம் எண்பது; பெருக்கி இரட்டிச்சா ஆயிரத்தறுநூறு, வர்க்கமூலம் நாப்பது. விடையெல்லாம் தள்ளித் தள்ளித்தானே குடுக்கறான், கிட்ட வந்தாப் போதும்." தாளைத் திருப்பினாள். "இது உன் கையெழுத்து. நேத்துக் கல்லைத் தூக்கி மேல வெச்சிருக்க."

குல்சினா தாளைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தாள்.

"என்னைப் பிடிக்கவா அக்கா?"

"ஊர்ல விடை விக்கறாங்கன்னு பேச்சு..."

"வாங்கறவ உன்கூட உக்காந்து எதுக்குக்கா படிக்கணும்? கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பேனே. ஞாயித்துக்கிழமைப் பரீட்சை வரைக்கும் நீயே பாத்துக்கோ." தன் கிண்ணத்தையும் பயிற்சித்தாள் கட்டையும் எடுத்துக்கொண்டு பொத்தான் மேசைக்குப் போய்விட்டாள்.

இவளிடம் அந்த ஒரு தாள்தான் மிஞ்சியது. பென்சிலை எடுத்து 9.8-ஐ 78.4-ஆல் பெருக்கினாள், இரட்டித்தாள், வர்க்கமூலம் தேடினாள். 39.2 வந்தபோது இஸ்திரிப் பெட்டி எப்போதோ கொதித்துச் சீறத் தொடங்கியிருந்தது.