துரை வரைந்த மூன்று வள்ளங்கள்

படம் பொய் என்று சொன்னது நான்தான். கேட்டதும் சொல்லிவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? நாற்பத்திரண்டு வருஷம் தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து வள்ளத்தில் மீனுக்குப் போய் வந்தவன் நான். வயிற்றில் ஆபரேஷன் செய்த பிறகு ஒன்பது வருஷமாகத்தான் கரையில் கிடக்கிறேன்.

என் மகள் பிலோமி பள்ளிக்கூடம் ஒன்றில் ஆயா. அங்கே டிராயிங் டீச்சர் பத்மஸ்ரீ, ஆழ்வார்திருநகரிக்காரி. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் வரைந்த படங்களின் நகல்களை எங்கெங்கோ எழுதிப்போட்டு வாங்கி, பள்ளி ஹாலில் கண்காட்சி வைக்கப் போகிறாள். எல்லாம் பறவை, மிருகம், மலை, வயல். ஒன்று மட்டும் நம்ம ஊர்க் கடல். தோர்ன்லி என்று ஒரு துரை, இங்கே பஞ்சுக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தானாம். கடல் தெரிந்த பெரியவர் யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது என்று டீச்சர் சொல்ல, பிலோமி என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

எனக்கு வெள்ளைக்காரன் மேல் நம்பிக்கை கிடையாது. இங்கே கிடந்த முத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போனவன், படம் மட்டும் ஒழுங்காகவா வரைந்திருப்பான்?

ஆனால் வாசலில் மாட்டியிருந்த முயல் படம் என்னை நிறுத்திவிட்டது. பனி விழுந்த புல்லில் ஒரு முயல். காது இரண்டும் பின்னால் படிந்திருக்கிறது, முன்னங்கால் ஒன்று தரையில் படவில்லை. வந்த இருமலை அடக்கிக்கொண்டேன். இருமினால் ஓடிவிடும் போலிருந்தது. பக்கத்தில் மழை வரப்போகிற ஒரு மலை. அந்த ஊர் மழையை நான் கண்டதில்லை. மழைக்கு முந்தின இருட்டு எனக்குத் தெரியும். அது சரியாக இருந்தது.

பிறகு நம்ம கடல். தண்ணீருக்கு மேலே ஒரு முழ உயரத்தில் சூரியன். அதை நோக்கிப் பாய் விரித்துப் போகின்றன மூன்று வள்ளங்கள், விளிம்பு வரைக்கும் அமுங்கி. பின்னாலேயே கடற்காகக் கூட்டம். சூரியனுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் கோடு போல ஒரு மேகம்.

"பொய்" என்றேன்.

"எது ஐயா?" என்றாள் டீச்சர்.

"விடியக்காலம் மீனுக்குப் போற வள்ளம் காலியால்லா போவும்? இது மூட்ட ஏத்துன தோணி மாதிரி அமுங்கிக் கெடக்கு. காலி வள்ளத்துக்குப் பின்னால கடக்காகம் எதுக்கு வருது? வலையத் திங்கவா? இவன் கடலுக்கே வரல டீச்சர். பங்களாவுல சாஞ்சுகிட்டு வரைஞ்சிருக்கான்."

அவள் முகம் வாடிவிட்டது. ஆனாலும் எழுதிக்கொண்டாள். "உங்க பேரப் போட்டுக்கலாமா?"

"தாராளமாப் போடுங்க."

அட்டையில் அச்சடித்துவிட்டார்கள். 'நேரில் பார்க்காமல் வரைந்தது. தகவல்: கயத்தான், மீனவர், திரேஸ்புரம்.' ரேஷன் கார்டைத் தள்ளிவிட்டால், என் பேர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. படத்தைக் கழற்றிக் கடைசி மூலையில், குடிதண்ணீர் கேனுக்கு மேலே மாட்டினார்கள்.

அன்று மத்தியானத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் கடற்காகங்கள்தான் காரணம். பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இறக்கை ஒவ்வொரு மாதிரி மடங்கியிருந்தது. பொய் சொல்கிறவன் ஒரு பறவையை வரைந்து அதையே பத்துத் தடவை போட்டுவிட்டுப் போவான். இவ்வளவு பார்த்தவனுக்கு வள்ளம் காலியா, நிறைந்ததா என்று தெரியாமலா போகும்?

சோற்றில் கை வைத்தேன், எழுந்தேன். டீக்கடைக்குப் போனேன், பாதி டீயை வைத்துவிட்டு வந்தேன். மறுபடி செருப்பை மாட்டினேன்.

"எப்பா, இப்பதான வந்தீய? திரும்பவும் எங்கன போறீய?" என்றாள் பிலோமி.

"சும்மா கெடளா."

சாயங்காலம் கடற்கரையில் என் தங்கச்சி மகன் ஜாய்சன் நின்றான். "என்ன மாமா, எறும்பு மேல உக்காந்தவரு மாதிரி நெளியுதீரு?"

"அந்தக் காலத்துல படம் வரைஞ்ச வெள்ளக்காரன் ஒருத்தன் கடிச்சிட்டாம்ல."

"செத்து நூறு வருசம் ஆனவனா? நல்ல ஆளுதான் நீரு. ஏறும், படகுல கொஞ்ச தூரம் போயிட்டு வந்திருவோம்."

ஒன்பது வருஷம் கழித்துப் படகில் ஏறினேன். அரைக் கிலோமீட்டர் போயிருப்போம். அவன் இஞ்சினை அணைத்து நங்கூரத்தை இறக்கினான். நான் தலையைத் திருப்பினேன்.

தண்ணீருக்கு மேலே ஒரு முழ உயரத்தில் சூரியன். அதற்கு அடியில் சாம்பல் கோடு. அது மேகமில்லை, எங்கள் கரை. இன்று அதில் புகைபோக்கியும் டவரும் முளைத்திருக்கின்றன. எங்களைத் தாண்டி இரண்டு வள்ளங்கள் மீனோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. சூரியனைப் பார்த்து, விளிம்பு வரைக்கும் அமுங்கி. பின்னாலேயே கடற்காகம்.

நாற்பத்திரண்டு வருஷம் தினமும் பார்த்ததை ஒன்பது வருஷத்தில் தொலைத்திருக்கிறேன். எங்களுக்குக் கடல் கிழக்கே. கரையில் நிற்கிறவனுக்குத் தண்ணீர் மேல் சூரியன் என்றால் விடியல்தான். கரையில் நின்று பார்த்தவன் நான். அந்த துரை கடலில் கிடந்து, ஆடுகிற பலகையில் தாளை வைத்து வரைந்திருக்கிறான்.

"ஏலே, தப்பாச் சொல்லிட்டேம்ல" என்று ஜாய்சனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பேசாம இரும் மாமா. யாருக்குத் தெரியப் போவுது? துரை எந்திரிச்சு வந்து கேஸ் போடப் போறானா?"

அதுதான் குடைந்தது. அவனால் வர முடியாது.

மறுநாள் காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. பாஷ்யம் என்று ஒரு ரிட்டயர்டு ஆபீசர் ரிப்பன் வெட்டினார். நான் தூணோரமாக நின்றேன். கூட்டம் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு கடைசி மூலைக்கு வந்தது.

"அடடா, என்ன அருமையான சூரிய உதயம்!" என்றார் பாஷ்யம். எல்லாரும் தலையாட்டினார்கள். தூத்துக்குடிக்காரன் ஒருத்தன் பாக்கி இல்லை. பிறகு அட்டையை வாசித்தார். "ஓ, பாக்காம வரைஞ்சதா? மீனவரே சொல்லிட்டா அப்புறம் என்ன."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"உதயம் இல்லய்யா. பொழுது அடையுது" என்றேன். "கயத்தான் தப்பாச் சொல்லிட்டான்."

"கயத்தான் யாரு?"

"நான்தான்."

சிரித்தார்கள். பிலோமி தலையில் கை வைத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கும்வரை நின்று, கடலிலிருந்து பார்த்தால் கரை எப்படித் தெரியும் என்று சொன்னேன். பத்மஸ்ரீ டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்துக்குள் மூக்கை நீட்டினாள்.

"ஐயா, அந்தக் கோட்டுல பனமரம்! குட்டிக் குட்டியா வரிசையா இருக்கு!"

அட்டையைப் பிய்த்தெடுத்தாள். "உங்க பேர எடுத்திருதேன் ஐயா."

"எடுக்கப்படாது. கயத்தான் சொன்னது தப்பு, துரை வரைஞ்சது சரின்னு எழுதுங்க. அவன் வந்து சொல்ல முடியாதுல்லா."

பேனாவால் எழுதினாள். முத்து அள்ளிய கணக்கை நான் மறக்கவில்லை. அது வேறு, இது வேறு.

கேனுக்கு மேலிருந்த படத்தை நானே கழற்றினேன். யாரையும் கேட்கவில்லை. வாசலுக்குக் கொண்டுபோய் முயலுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். கோணலாக நின்றது. பிலோமி நேராக்க வந்தாள்.

"வுடுளா. கடல்ல கெடந்து வரைஞ்சது. கொஞ்சம் சாயத்தான் செய்யும்."